பெட்டி பிரிக்குமுன் குடியேறியவர்கள்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு லெப்டொப் வாங்கப் போகிற முகத்துவாரத்துக்காரர் யாராக இருந்தாலும், விலை பேசி முடித்த கையோடு ஒரு வாசகம் சொல்வார்: "எல்லாம் போட்டுத் தாங்க தம்பி." கவுண்டரில் நிற்பவர் சிங்களவர் என்றால் "ஒக்கொம தாலா தென்ன". அந்த 'எல்லாம்' எதுவரை நீளும் என்பது கேட்கிறவருக்கும் தெரியாது, போடுகிறவரும் விளக்க மாட்டார். வேர்ட், எக்செல், தமிழுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்.எம். அபய, வி.எல்.சி., வின்ரார், பிள்ளை கேட்காமலே ஒரு ஃபோட்டோஷொப், கடைசியில் ஒரு வைரஸ் கார்ட். கொஞ்ச நேரத்தில் பை கைக்கு வந்துவிடும்.

கடைத் தம்பி கைவைக்கும் முன்பும் அந்த இயந்திரம் வெறுமையாக இருக்கவில்லை. தயாரித்த நிறுவனம் தன் பங்குக்குச் சிலதை ஏற்றியிருக்கும்: 30 நாள் சோதனைக்கால வைரஸ் கார்ட் ஒன்று, கிளவுட் சேமிப்பு ஒன்று, 'உதவியாளர்' என்ற பெயரில் சில புதுப்பிப்பான்கள், யாரும் விளையாடாத விளையாட்டுகள். மைக்ரோசொஃப்டும் சும்மா இருப்பதில்லை. 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது கேண்டி கிரஷ் சாகாவும் கூடவே வந்தது. அலுவலகத்துக்கென்று காசு கொடுத்து வாங்கிய மெஷினில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டு ஏன் என்று அப்போது கேட்காதவர் இல்லை. ஆக, ஒரு கணினி வீட்டு மேசைக்கு வந்து சேருமுன் மூன்று கைகள் அதற்குள் புகுந்து வெளியேறியிருக்கின்றன.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் சொல்லும் குறை, மெஷின் ஸ்லோ என்பது. உண்மையான குறைதான், ஆனால் சின்னக் குறை. உங்களுக்கு முன்பே நிர்வாகி உரிமையோடு உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் கையில் எந்தத் திறப்பு இருக்கிறது என்று கேட்பவரைக் காண்பது அரிது.

முதலில் சின்னக் குறையைப் பார்த்துவிடுவோம். நிறுவனங்கள் ஏன் இதைச் செய்கின்றன என்பதற்கு மர்மமான காரணம் ஏதும் இல்லை. மலிவு விலை லெப்டொப்பில் தயாரிப்பாளருக்கு மிஞ்சும் இலாபம் மிகக் குறைவு. வைரஸ் கார்ட் நிறுவனம், ஒவ்வொரு மெஷினிலும் தன் சோதனைப் பதிப்பை வைப்பதற்கு ஒரு சிறு தொகை தருகிறது. சோதனைக்காலம் முடிந்து வாங்கியவர் பணம் கட்டினால் அதிலும் பங்கு. கோடிக்கணக்கில் மெஷின் விற்கிறவருக்கு அது பெரிய வருமானம். சோனி நிறுவனம் 2008 மார்ச்சில் ஒரு படி மேலே போய், சில வயோ மாதிரிகளில் இந்தக் குப்பையை ஏற்றாமல் தருவதற்கு 49.99 டொலர் கட்டணம் கேட்டது. 'ஃபிரெஷ் ஸ்டார்ட்' என்று அதற்குப் பெயர் வேறு. போடுவதற்கு ஒருவரிடம் காசு, எடுப்பதற்கு இன்னொருவரிடம் காசு என்று ஊர் சிரித்ததும் கட்டணத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது.

மெஷின் எப்படி மெதுவாகிறது? இந்த மென்பொருள்களில் பல, விண்டோஸ் எழும்போதே கூடவே எழுந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கும். 4 ஜிபி, 8 ஜிபி ரம் உள்ள மெஷினில் அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்தால், விண்டோஸ் இடம் போதாமல் நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்குக்கு எழுதுவதும் மறுபடி வாசிப்பதுமாகத் திண்டாடும். வைரஸ் கார்டின் கதை வேறு. அது இயக்கமுறைமையின் அடித்தளத்தில் ஒரு வடிகட்டியாக உட்காருகிறது. நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கோரிக்கை முதலில் அதனிடம் போய்த்தான் திரும்பும். ஒரு புரோகிராமைத் திறக்க நூற்றுக்கணக்கான கோப்புகள் வாசிக்கப்படுகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

பற்றரி போவதற்கான காரணம் இன்னும் நுட்பமானது. இன்றைய புரொசெசர், வேலை இல்லாத மில்லி விநாடிகளில்கூடத் தன் பகுதிகளை அணைத்து ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். நாம் வாசித்துக்கொண்டிருக்கும்போது அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 'புதுப்பிப்பு வந்துவிட்டதா' என்று பார்க்க எழும் ஒவ்வொரு நிரலும் அதைத் தட்டி எழுப்புகிறது. செய்யும் வேலை அற்பம். எழுப்பியதற்கான மின்செலவே அதிகம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, பற்றரி நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இனிப் பெரிய குறை. அதற்கு 2014க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு செப்டெம்பர் முதல் லெனோவோ தன் வீட்டுப் பாவனை லெப்டொப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்றொரு மென்பொருளை ஏற்றி அனுப்பியது. நீங்கள் இணையத்தில் ஒரு சப்பாத்துப் படத்தைப் பார்த்தால், அதைப் போன்ற வேறு சப்பாத்துகளின் விளம்பரத்தைப் பக்கத்துக்குள்ளேயே நுழைத்துக் காட்டுவது அதன் தொழில். விளம்பரம்தானே என்று விட்டிருக்கலாம். ஆனால் இணையத்தளங்கள் பல குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பில்தான் இயங்குகின்றன. நடுவில் நிற்பவருக்கு உள்ளடக்கம் தெரியக்கூடாது என்பதே அந்தக் குறியாக்கத்தின் நோக்கம். சூப்பர்ஃபிஷுக்கோ உள்ளே பார்க்க வேண்டும்.

ஒரு வங்கியின் தளத்துக்குப் போகும்போது பல உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று தெரிகிறதே, அது எப்படி வருகிறது? தளம் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றின் கையொப்பம் இருக்கும். நம்பத் தகுந்த சான்றளிப்பவர்களின் பட்டியல் விண்டோஸுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. உலாவி அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, சரி என்றால் பூட்டைக் காட்டுகிறது. நம்பிக்கை முழுவதும் அந்தப் பட்டியலில்தான் தொங்குகிறது. சூப்பர்ஃபிஷ் செய்த காரியம், அந்தப் பட்டியலில் தன்னையும் ஒரு சான்றளிப்பவராக எழுதிக்கொண்டதே. அதன்பிறகு நீங்கள் எந்த வங்கிக்குப் போனாலும், அது நடுவில் நின்று அந்த வங்கியின் பெயரில் ஒரு போலிச் சான்றிதழை அந்தக் கணத்திலேயே தயாரித்து, தானே கையொப்பமிட்டு நீட்டும். உலாவி பூட்டைக் காட்டும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

இதைவிட மோசமான பகுதி இனித்தான். கையொப்பமிடுவதற்கான தனித் திறப்பு ஒவ்வொரு லெப்டொப்புக்குள்ளும் கிடந்தது. அதுவும் எல்லா லெப்டொப்புகளிலும் ஒரே திறப்பு. முகத்துவாரம் முதல் தெஹிவளை வரை ஒரே திறப்பில் திறபடும் பூட்டுகளை விற்றுவிட்டு, ஒவ்வொரு பூட்டின் பெட்டிக்குள்ளும் அந்தத் திறப்பைப் போட்டு அனுப்பியது போன்ற வேலை. திறப்பைக் கடவுச்சொல் ஒன்று காத்தது. 2015 பெப்ரவரி 19 அன்று ரொபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஓடிக்கொண்டிருந்த அந்த மென்பொருளின் நினைவகத்தில் கிடைத்த சொற்களையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் கடவுச்சொல் கிடைத்துவிட்டது: 'கொமோடியா'. அந்த இடைமறிப்புக் கருவியை எழுதிக் கொடுத்த நிறுவனத்தின் பெயரே அது. அன்று முதல், ஒரே வைஃபையில் இருக்கும் எவரும் அந்த லெப்டொப்களிடம் தன்னை எந்த வங்கியாகவும் காட்டிக்கொள்ள முடிந்தது.

மறுநாளே மைக்ரோசொஃப்ட், விண்டோஸோடு வரும் தன் வைரஸ் கார்டான டிஃபெண்டர் மூலம் சூப்பர்ஃபிஷையும் அதன் சான்றிதழையும் அழிக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் மட்டும் அப்படி 750,000 லெப்டொப்கள் விற்கப்பட்டிருந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் சொன்னது. 2017 செப்டெம்பரில் 32 மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் கட்டி லெனோவோ சமரசத்துக்கு வந்தது. பாவனையாளர்கள் தொடுத்த வழக்கில் மேலும் 73 இலட்சம். இந்த ஒப்பந்தத்தால் லெனோவோவுக்குக் கிடைத்த வருமானம் 2 முதல் இரண்டரை இலட்சம் டொலர்தான் என்று ஃபோர்ப்ஸ் எழுதியது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: நிறுவனங்களுக்கு விற்கும் திங்பேட் வரிசையில் சூப்பர்ஃபிஷ் போடப்படவில்லை. தகவல் தொழில்நுட்பப் பிரிவு வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு நியாயம், யுனிட்டி பிளாசாவில் எண்ணிக் கொடுப்பவருக்கு இன்னொன்று.

லெனோவோவை மட்டும் குற்றம் சொல்வது முறையல்ல. அதே 2015 நவம்பரில் டெல் மெஷின்களில் 'ஈடெல்ரூட்' என்ற மூலச் சான்றிதழ், தனித் திறப்போடு சேர்த்தே கண்டுபிடிக்கப்பட்டது. வாடிக்கையாளர் உதவிக்காக வைத்தார்களாம். அதை அழித்தாலும், கூட வந்த இன்னொரு கோப்பு மறுபடி அதைக் கொண்டுவந்து வைத்தது. 2017 மே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் மொட்ஸீரோ நிறுவனம் எச்.பி. லெப்டொப்களின் ஒலிச் செலுத்தியில் கண்டது எனக்கு இன்றும் வியப்பு. மைக்கை மௌனமாக்கும் விசை அழுத்தப்படுகிறதா என்று பார்ப்பதற்காக எழுதப்பட்ட நிரல், அழுத்தப்படும் எல்லா விசைகளையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. சோதனைக்காக வைத்ததை அணைக்க மறந்துபோனார்கள். சதி ஏதுமில்லை, கவனக்குறைவு. கடவுச்சொல் பறிபோனவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தருமா தெரியவில்லை.

புதுப்பிப்பான்கள் தனி இனம். பாதுகாப்புக்காகவே இருப்பவை என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. 2016இல் டுவோ செக்கியூரிட்டி ஆய்வாளர்கள் ஏசர், ஆசுஸ், டெல், எச்.பி., லெனோவோ ஆகிய ஐந்து நிறுவனங்களின் புதுப்பிப்பான்களைப் பிரித்துப் பார்த்தார்கள். வெளியாள் ஒருவர் மெஷினைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை ஒன்றாவது ஐந்திலும் இருந்தது. சில, புதிய பதிப்பைக் குறியாக்கம் இல்லாத இணைப்பில் இறக்கிக்கொண்டிருந்தன. 2018இல் அது நடந்தும் விட்டது: ஆசுஸின் சொந்த வழங்கிக்குள் புகுந்தவர்கள், அதன் உண்மையான கையொப்பத்தோடே நஞ்சு கலந்த புதுப்பிப்பை அனுப்பினார்கள். கஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019இல் வெளியிட்ட தகவலின்படி, அவர்களுக்குத் தேவைப்பட்டது உலகெங்கும் இருந்த சுமார் 600 குறிப்பிட்ட கணினிகள் மட்டுமே. அந்த 600ஐப் பிடிக்க, கஸ்பர்ஸ்கியின் வாடிக்கையாளர்களில் மட்டும் 57,000 பேருக்குமேல் அந்தப் புதுப்பிப்பு போய்ச் சேர்ந்திருந்தது.

"எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டால் தீர்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சரி. எப்போதும் சரி என்று சொல்ல முடியாமல் செய்த சம்பவமும் 2015இலேயே நடந்தது. விண்டோஸ் 8 முதல், மதர்போர்டில் உள்ள ஃபெர்ம்வேரில் ஒரு நிரலை வைத்து, விண்டோஸ் எழும்போதெல்லாம் அதை எடுத்து இயக்கச் செய்யும் வசதி ஒன்று இருக்கிறது. களவு போன கணினியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், திருடன் டிஸ்க்கை அழித்தாலும் திரும்ப எழ வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. அதே வாசலால் லெனோவோ சில மாதிரிகளில் தன் 'ஒன்கீ ஒப்டிமைசரை' இறக்கியது. புது டிஸ்க் போட்டு, புது விண்டோஸ் ஏற்றி, இணையத்தோடு தொடுத்தால் அது திரும்பவும் வந்து நிற்கும். விஷயம் வெளியே பரவிய நேரத்தில் அதை நீக்கும் பயொஸ் புதுப்பிப்பையும் நிறுவனம் வெளியிட்டது.

தயாரிப்பாளரின் கை இவ்வளவு. கடைத் தம்பியின் கை இதைவிட ஆபத்தானது என்பது என் எண்ணம். ஏனென்றால் அதைப் பார்க்க யாரும் இல்லை. லெனோவோவை உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் துருவுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள். கொழும்பில் ஒரு கடை தன் பென் டிரைவில் வைத்திருக்கும் விண்டோஸில் என்ன இருக்கிறது என்று துருவுபவர் யார்?

விண்டோஸ் இல்லாத லெப்டொப் மலிவு. 'டொஸ் மெஷின்' என்று சொல்லி விற்பார்கள். அதில் ஃப்ரீடொஸ் என்ற இலவச இயக்கமுறைமை பெயருக்கு இருக்கும். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அங்கேயே விண்டோஸ் ஏறிவிடும், உரிமம் இல்லாமல். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, இலங்கையில் பாவனையில் உள்ள மென்பொருளில் 77 சதவீதம் உரிமமற்றது என்றது. சொன்னவர்கள் விற்பவர்கள்தான் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். தள்ளுபடி போனாலும் எண்ணிக்கை பெரிதே.

உரிமமில்லாத விண்டோஸ் எப்படிச் செயற்படுகிறது என்பதில்தான் சிக்கல். பெரிய நிறுவனங்களுக்காக மைக்ரோசொஃப்ட் கே.எம்.எஸ். என்றொரு முறை வைத்திருக்கிறது. ஆயிரம் கணினி உள்ள நிறுவனத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித் திறவுகோல் எண் கொடுப்பதற்குப் பதிலாக, நிறுவனத்துக்குள் ஒரு வழங்கி இருக்கும். கணினிகள் அதனிடம் போய் 180 நாளுக்குச் செல்லுபடியாகும் அனுமதியைப் பெற்றுப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். திருட்டுக் கருவி, அந்த வழங்கி தானே என்று உங்கள் மெஷினுக்குள்ளேயே நடிக்கிறது, அல்லது முகம் தெரியாத யாரோ நடத்தும் வழங்கியிடம் அனுப்புகிறது. இந்தக் கருவியை டிஃபெண்டர் பிடித்துவிடும். அதனால் ஏற்றுமுன் டிஃபெண்டரை அணைக்க வேண்டும், பிறகும் அது தொடாமலிருக்க விலக்குப் பட்டியலில் இடம் ஒதுக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படிக்கிற பிள்ளையின் லெப்டொப்பைப் பார்க்கக் கிடைத்தது. எங்கே வாங்கியது என்பது இங்கே தேவையில்லை. செட்டிங்ஸில் செயற்படுத்தல் பகுதிக்குப் போனால், 'உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் செயற்படுத்தப்பட்டுள்ளது' என்று பொருள்படும் வரி. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்கு என்ன நிறுவனம்? டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்தேன். ஒரு கோப்புறையைப் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தால், சி டிரைவ் முழுவதும் அதில் இருந்தது. வைரஸ் கார்ட் ஓடுகிறது, பச்சை அடையாளம் காட்டுகிறது, எதையும் பார்ப்பதில்லை. தம்பிக்கு நேரமில்லை போலும். மொத்தமாக விலக்கிவிட்டால் வேலை சுளுவு.

இப்படித் திறந்துவைத்த வாசலால் யார் வருகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மைக்ரோசொஃப்டின் புலனாய்வாளர்கள் 2011 ஆகஸ்டில் சீன நகரங்களில் 20 புதிய கணினிகள் வாங்கினார்கள். நான்கில், பெட்டி பிரிக்கும்போதே தீநிரல் இருந்தது. அதில் ஒன்றான நைட்டோல், மெஷினைத் தன் எஜமானின் படையில் சேர்த்துக்கொள்ளும் வகை. 2018இல் இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம் உட்பட ஆசியாவின் ஒன்பது நாடுகளில் 166 புதிய கணினிகளை வாங்கிச் சோதித்தபோது, 83 சதவீதத்தில் திருட்டு மென்பொருள். அப்படிப்பட்டவற்றில் 84 சதவீதத்தில் ஏதோ ஒரு தீநிரல். இலங்கை அந்த ஒன்பதில் இல்லை. நம் கடைகள் அவற்றைவிடச் சுத்தமாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

இன்னொரு விஷயம், இப்போதைய விண்டோஸ் 11இல் அதிகம் அடிபடுவது. புது மெஷின்களில் டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. 48 இலக்க மீட்புத் திறப்பு, முதல் முதலாக உள்நுழைந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். கடையில் அவசரத்துக்கு ஒரு கணக்கை உருவாக்கி அதால் உள்ளே போயிருந்தால், உங்கள் டிஸ்க்கின் திறப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது. பிறிதொரு நாள் பயொஸ் புதுப்பித்தபின் மெஷின் அந்த எண்ணைக் கேட்கும். கடைத் தம்பி அதற்குள் கட்டாருக்குப் போயிருப்பார். ஆகவே கடையில் முதல் நுழைவைச் செய்ய விடாமல், பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் கணக்கிலேயே தொடங்குவது நல்லது. ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்றால், எதையும் அழிக்கத் தொடங்குமுன் அந்த எண்ணைத் தேடி ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிடுங்கள்.

உரிமத்தோடு வந்த மெஷின் என்றால் வேலை சிறிது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், சோதனைக்கால வைரஸ் கார்டிலிருந்து தொடங்கலாம். வழமையான முறையில் நீக்கினாலும் அடித்தள வடிகட்டிகள் சில தங்கிவிடும் என்பதால், மெக்காஃபி போன்றவை தாமே தனி நீக்கல் கருவி ஒன்றை வெளியிட்டிருக்கின்றன. அதையும் ஒருமுறை ஓடவிடுவது நல்லது. அது போனதும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். வீட்டுப் பாவனைக்கு அது போதும். விளையாட்டு, கிளவுட் சேமிப்பு, 'சலுகைகள்' காட்டும் எதுவானாலும் யோசிக்காமல் எடுக்கலாம். இன்டெல், ஏ.எம்.டி., ரியல்டெக் என்று பெயர் தொடங்குபவற்றில் கைவைக்க வேண்டாம், அவை வன்பொருளின் செலுத்திகள். புதுப்பிப்பான்களில் ஒன்றை மட்டும் வைத்திருங்கள். ஓட்டை இருந்த கதையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரணாகப் படலாம். ஆனால் பயொஸில் வரும் ஓட்டையை அடைக்க வேறு வழி எல்லா மாதிரிக்கும் இல்லை. பிறகு டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதி. எது எழும்போதே எழுகிறது என்று அங்கே தெரியும். அணைத்துவைத்தால் மென்பொருள் போய்விடாது, நீங்கள் கூப்பிடும்போது வரும்.

கடை ஏற்றிய விண்டோஸ் என்றால் இந்தப் பொறுக்கியெடுக்கும் வேலையில் பயனில்லை. முழுதாக அழித்துப் போட வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸ், அவ்வளவுதான் தேவை. 5 ஜிபிக்கு மேல் இறங்கும் என்பதால், நள்ளிரவுக்குப் பின் தனி ஒதுக்கீடு உள்ள பெக்கேஜ்காரர்கள் அந்த நேரத்தில் இறக்கலாம். உரிமம் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. உரிமத்தோடு வாங்கியிருந்தால், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே திறவுகோல் எண் மதர்போர்டுக்குள்தான் இருக்கிறது. அதே பதிப்பை ஏற்றினால் தானே வாசித்துக்கொள்ளும். பலரைத் திகைக்க வைப்பது வேறொன்று: இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் வந்த லெப்டொப் பலவற்றில், நிறுவும்போது 'டிஸ்க் எதுவும் இல்லை' என்று திரை சொல்லும். டிஸ்க் பழுதாகவில்லை. இன்டெல்லின் சேமிப்புச் செலுத்தியைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து அதே பென் டிரைவில் வைத்துக் காட்டினால் டிஸ்க் தெரியும். வைஃபை வேலை செய்யவில்லை என்றால் போனை வயரில் தொடுத்து டெதரிங் போடுங்கள்.

கடைத் தம்பி போட்டதில் நான் வைத்துக்கொள்ளச் சொல்லும் ஒரே பொருள் பாமினி. சனசமூக நிலைய அறிக்கை, கோயில் துண்டுப் பிரசுரம், பழைய கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். புதிதாக எழுதுவதற்கு அது தேவையில்லை. 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பிலேயே ஒலிப்புமுறைத் தமிழ் விசைப்பலகை உள்ளே வந்துவிட்டது.

டொஸ் மெஷின் வாங்கியவருக்கு உரிமம் வாங்குவது ஒரு வழி. லினக்ஸ் இன்னொன்று, இலவசம், சுத்தம். முழுச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன்: 2012 ஒக்டோபரில் வந்த உபுண்டு 12.10இல், சொந்தக் கோப்பைத் தேடினாலும் அமேசன் பொருள்கள் பக்கத்தில் வந்து நின்றன. திட்டித் தீர்த்த பிறகு 2016இல்தான் அதை இயல்பாக அணைத்துவைத்தார்கள். மூன்றாவதாக, செயற்படுத்தாத விண்டோஸையே ஓட்டுகிறவர்களும் உண்டு. மூலையில் எழுத்து தெரியும், வோல்பேப்பர் மாற்ற விடாது. உரிமத்துக்கு உட்பட்ட வழி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் டிஃபெண்டரை அணைக்கச் சொல்லாது, பாதுகாப்புப் புதுப்பிப்பும் வரும்.

'ஒரே கிளிக்கில் சுத்தம்' என்று வரும் கருவிகளைத் தேடிப் போகாதீர்கள். மிகப் பிரபலமான சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே 2017 ஆகஸ்டில் பின்கதவு வைக்கப்பட்டது. 22 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதை நிறுவியிருந்தார்கள். குப்பையை எடுக்க நிர்வாகி உரிமையை முழுதாகக் கொடுத்து இன்னொருவரை உள்ளே விடுவது, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதாகும்.

போனுக்கு வந்தால் நம் கை இன்னும் குறுகியது. மாட்ரிட்டின் இம்டியா நெட்வொர்க்ஸ் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2019இல் 214 நிறுவனங்களின் அண்ட்ராய்டு போன்களில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்த 82,000க்கு மேற்பட்ட செயலிகளைப் பரிசீலித்தார்கள். வாங்கியவரின் ஒப்புதல் இல்லாமல் தரவு திரட்டும் வழிகள் அவற்றில் தாராளமாகக் கிடந்தன. பலவற்றை அழிக்க முடியாது, முடக்க மட்டும் முடியும். தென்கொரியா 2014இலேயே தேவையற்றவற்றை அழிக்கும் வசதி வேண்டும் என்று நிறுவனங்களைப் பணித்தது. இந்தியாவில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது: 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுச் செயலியைப் புது போன்கள் எல்லாவற்றிலும் ஏற்றி அனுப்பும்படி 2025 நவம்பர் இறுதியில் உத்தரவு போனது. எதிர்ப்பு வலுத்ததும் டிசம்பர் 3 அன்று விலக்கிக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தமிழ்ச் சேனல் பார்ப்பதற்காக டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் மலிவு அண்ட்ராய்டு பெட்டி. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சந்தா கட்டாமல் நாடகம் பார்க்கும் வீடுகளில் இது சாதாரணம். 2023 ஜனவரியில் கனடாவின் டானியல் மிலிசிக், தான் வாங்கிய டி95 என்ற பெட்டியில் தொழிற்சாலையிலிருந்தே வந்த தீநிரலைக் கண்டு வெளியிட்டார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இத்தகைய பெட்டிகளைப் பிடித்த 'பேட்பொக்ஸ் 2.0' என்ற தீநிரல் வலை பற்றி எச்சரித்தது. அடுத்த மாதம் கூகிள் அதை நடத்துபவர்கள் மீது வழக்குத் தொடுத்தபோது சொன்ன கணக்கு, ஒரு கோடிக்கு மேற்பட்ட சாதனங்கள். இந்தப் பெட்டிகள் வீட்டு இணைய இணைப்பை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. யாரோ எங்கோ செய்யும் மோசடி, முகத்துவாரத்தில் உள்ள உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து புறப்பட்டதாகப் பதிவாகும்.

பெட்டியில் பிளே ஸ்டோர் இருந்தால், அதன் செட்டிங்ஸில் 'பிளே புரொடெக்ட்' சான்று பெற்ற சாதனமா என்று பார்க்கலாம். சான்று இல்லை என்று காட்டினாலோ, பிளே ஸ்டோரே இல்லாமல் வேறொரு கடை இருந்தாலோ, அழிப்பதற்கு அங்கே எதுவும் தென்படாது. ரீசெட் செய்தாலும் அதே ஃபெர்ம்வேர்தான் மறுபடி எழும். ரூட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் பெட்டியை அதில் ஒதுக்கி, லெப்டொப்பிலிருந்து பிரித்து வைக்கலாம். வெளியே அது அனுப்புவதை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு பிளக்கைக் கழற்ற வேண்டும்.